கிளைக்கு அனுமதி இல்லை

பிப்ரவரி 9

உன்னை எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை உண்டா என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன்.

வக்கீலிடமிருந்து தாள்கள் வந்தன. வீட்டை விற்க என் கையெழுத்தும் வேண்டுமாம். உன் அண்ணனும் நானும் பிரிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தச் சுவர்களில் பாதி இன்னும் என் பெயரில் நிற்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

தாள்களில் எல்லாம் இருந்தன. அறைகள், குழாய்கள், மின் இணைப்பு, பின்கதவுக்குப் போட்ட இரும்புத் தாழ்ப்பாள்கூட. எலுமிச்சை மரம் இல்லை.

அதில் ஒரு கிளை எனக்கு வேண்டும்.

காரணம் கேட்காதே. நான் வைத்த மரம், அவ்வளவுதான் தெரியும். எத்தனையோ வருடம் பூக்காமல் நின்றது. நான் கிளம்பிய வாரம் பூத்தது. அதன் பழத்தை நான் பார்த்ததே இல்லை. இங்கே எனக்கு ஒரு பால்கனி இருக்கிறது. நாற்காலி போட்டால் கதவு திறக்காது. தொட்டி வைத்தால் திறக்கும். அளந்து பார்த்துவிட்டேன்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கிளையைத் தபாலில் அனுப்பலாமா என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன். நீயும் விசாரி.

போனில் கேட்டிருக்கலாம். உன் குரல் கேட்டால் வேறு எதையாவது பேசிவிடுவேன் என்று பயம்.

உன் அண்ணனிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை. எது சரி என்று நீயே முடிவு செய். கடிதத்தின் கடைசியில் என்ன போடுவது என்பதும் தெரியவில்லை.


பிப்ரவரி 24

அண்ணி,

நான் இப்படித்தான் தொடங்குவேன். விவாகரத்து நீங்கள் அண்ணனிடம்தான் வாங்கினீர்கள். என்னிடம் வாங்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம். அதிலும் மரத்தைத்தான் கேட்கிறீர்கள், என்னை இல்லை. நான் நலம்தான். லேபில் அதே மேசை, அதே பிளாஸ்டர் தூசி. போன வாரம் ஒரு பெரியவருக்குப் பல் செட் செய்து கொடுத்தோம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது என் சிரிப்பு இல்லையேம்மா, யாரோட சிரிப்ப மாத்திக் குடுத்துட்டீங்க?" என்றார். நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னது சரிதான் என்று இருவருக்குமே தோன்றியது.

நீங்கள் கிளம்பிய அன்றைக்கும் நான் யாருக்கோ பல் வரிசை வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தேன். வாசலில் உங்கள் செருப்பு இல்லை. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டை வாங்குகிறவர்கள் கணவனும் மனைவியும் வந்து பார்த்தார்கள். பின்கட்டு முழுவதும் சிமென்ட் போட்டு கார் நிறுத்தப் போகிறார்களாம். அந்த அம்மா மரத்தைச் சுற்றி வந்து, "அடடா, பாவம்" என்றார். அவர் கணவர் அளவு நாடாவை இழுத்தார்.

நாங்கள் போகப் போகும் ஃபிளாட்டில் பால்கனி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். வீடு பார்க்கப் போனபோது அண்ணன் எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை. லிஃப்டில் ஏறி இறங்கி, கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கேபிள் ஒழுங்கா இல்ல, ஆனா சரி பண்ணிடலாம்" என்றார். லிஃப்ட் மெக்கானிக்கோடு வீடு பார்க்கப் போனால் அப்படித்தான்.

தபால் அலுவலகத்தில் விசாரித்தேன். கவுன்டரில் இருந்தவர், "மண் ஒட்டாம இருந்தா போகும்மா" என்றார். பக்கத்துக் கவுன்டர்க்காரர், "செடியெல்லாம் போகாது" என்றார். இருவரும் என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மேலதிகாரி வந்து, விவசாயத் துறையில் கேட்கச் சொன்னார். விவசாயத் துறையில், அது அனுப்பும் நாட்டைப் பொறுத்ததல்ல, வாங்கும் நாட்டைப் பொறுத்தது என்றார்கள். ஆகவே பந்து உங்கள் பக்கம்.

நீங்கள் கடைசியில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்ட இடத்தில் நான் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாலு


மார்ச் 8

~~வாலு~~

எழுதி அடித்துவிட்டேன். நீ படிக்க முடியும்படிதான் அடித்திருக்கிறேன்.

சட்டத்தைப் படித்தேன். என் வேலை என்னவென்று உனக்குச் சொன்னதில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து ஒரு தாள் இருக்குமே, யாரும் பிரிக்காமல் எறிந்துவிடுவார்களே, அதை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது. சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்.

தண்டு தாவரம். வேர் தாவரம். மொட்டு தாவரம். வெட்டிய பூ தாவரம், உலர்ந்த பூ தாவரமில்லை. விதை தாவரமில்லை, அதற்குத் தனி அத்தியாயம். பழம் இன்னொரு துறை. பெரும்பாலான கிளைகளை, அனுப்பும் நாட்டின் நலச் சான்றிதழோடு அனுப்பலாம் என்று இருந்தது. நிம்மதியாக மூடிவைத்தேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து மறுபடி திறந்தால் பின்னிணைப்பு ஒன்று. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகைகளின் கிளை எந்த வடிவிலும் வரக்கூடாது. சான்றிதழ் இருந்தாலும் கூடாது.

காரணமும் போட்டிருக்கிறார்கள். இந்த மரங்களுக்கு ஒரு நோய் இருக்கிறதாம். நோயுள்ள கிளை பார்வைக்கு நன்றாகவே இருக்குமாம். ஒட்டு வைத்த பிறகு, வருடங்கள் கழித்து இலை மஞ்சளாகும். அதற்குள் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியிருக்கும். பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பாதே என்று ஒரு சட்டமே இருக்கிறது. இதைப் பற்றி நாள் முழுவதும் யோசித்தேன்.

விதைக்கு வழி உண்டு. நான் இங்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், நீ அங்கே சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் விதை வேண்டாம். விதையில் வருவது அந்த மரத்தின் பிள்ளை. எனக்குப் பிள்ளை வேண்டாம், அந்த மரம்தான் வேண்டும்.

இந்த வரியை எழுதிய பிறகு திரும்பப் படித்தேன். நீ அதில் வேறு எதையும் படிக்காதே.

விதிவிலக்கு ஏதாவது கிடைக்குமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லும்வரை எதையும் அனுப்பிவிடாதே.


மார்ச் 9

அண்ணி,

அனுப்பிவிட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். நேற்று அளவு நாடாக்காரர் கொத்தனாரோடு வந்துவிட்டார். மரத்தின் அடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

காலையில் கத்தியோடு பின்கட்டுக்குப் போனேன். முதல் கிளையைப் பிடித்ததும் பின்னால் அண்ணன். எதற்கு என்று கேட்கவில்லை. "கீழ இருக்கறது முத்திப்போச்சு. மேல வெட்டு" என்றார். எனக்கு எட்டவில்லை. அவரே கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார். முள் குத்தி ரத்தம் வந்தது. விடவில்லை. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எலுமிச்சைக் குச்சியை நான் வேறு யாருக்கு அனுப்பப் போகிறேன்?

பார்சல் கட்டியதைச் சொன்னால் நீங்கள் பாராட்டுவீர்கள். பல் செட்டுக்கு ஈறு வார்க்க ஒரு ரோஜா நிற மெழுகு வைத்திருப்போம். அதை உருக்கி, குச்சிகளின் இரண்டு முனையையும் முக்கி எடுத்தேன். ஈரப் பஞ்சு சுற்றினேன். பல் செட் வைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களில் படுக்கவைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அவற்றை லேபில் கிடந்த ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். ஒரு துளி மண் கிடையாது. அண்ணன் பார்த்துவிட்டு, "வாயத் திறந்து சிரிக்கும்போல" என்றார். இந்த வருடத்தில் அவர் சொன்ன முதல் ஜோக் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மறைக்கவில்லை. உள்ளே என்ன என்ற கட்டத்தில், எலுமிச்சைக் கிளை, உயிருள்ளது என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்தில், அண்ணி. மண் ஒட்டக்கூடாது என்ற அதே கவுன்டர்க்காரர்தான் முத்திரை குத்தினார். "அண்ணிக்கா? குடுத்து வச்சவங்க. என் நாத்தனார் எனக்கு ஒரு போன்கூடப் பண்ண மாட்டா" என்றார். அவருக்கு எப்படி நாத்தனார் இருக்க முடியும் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. மனைவிக்குப் பதிலாகவும் அவரே பேசுகிறார் போலிருக்கிறது.

கிடைத்ததும் எழுதுங்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 2

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. அனுப்பாதே என்ற கடிதம் உன்னிடம் இருக்கும். அனுப்பிவிட்டேன் என்ற கடிதம் என்னிடம் இருக்கிறது. கிளை யாரிடமும் இல்லை.

உன் பார்சலைப் பிடித்துவைத்த அதிகாரிகள் என்னை அழைத்திருந்தார்கள். விமான நிலையத்துக்குப் பின்னால் நீளமான ஒரு கட்டடம். தாழ்வாரத்தில் மருந்து வாடை. சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி. உன் பெட்டி மேசைமேல் பிரித்து வைத்திருந்தது.

அந்த அட்டைப் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாயா? உங்கள் லேபின் அச்சிட்ட பட்டை ஒட்டியிருந்தது. செயற்கைப் பற்கள், மேல் தாடை. உன் கையெழுத்தில் எலுமிச்சைக் கிளை. ஒரே பெட்டியில் இரண்டு பொருளின் பெயர். ஒன்று மறைப்பதற்கு, இன்னொன்று மாட்டிக்கொண்டால் சொல்வதற்கு என்று அவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். "பல் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் இங்கே தங்குவதற்கான அனுமதி வருடா வருடம் புதுப்பிப்பது. என் பெயரை அவர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க உங்களுக்கு யாரு?" என்றார். உன் பெயரின் மேல் விரல் வைத்திருந்தார்.

யாருமில்லை என்றேன்.

"யாருமில்லாதவங்க உங்களுக்கு எதுக்குக் கிளை அனுப்பறாங்க?"

அந்தக் கேள்வியை நானே முதலில் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கிளைகளை எரித்துவிட்டார்களாம். ஒன்றில் துளிர் விட்டிருந்தது என்றார் அந்த அதிகாரி. டப்பாவுக்குள், இருட்டில், பச்சையாக. அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அனுப்பாதே என்று எழுதினேனே. எழுதியது உனக்கு வந்து சேரவில்லை என்று தெரியும். இருந்தும் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 20

பெறுநருக்கு,

யாருமில்லாதவள் எழுதுவது.

பெட்டியின் பக்கவாட்டை நான் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற பட்டை, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. லேபின் பெயர் போனதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது என் பாடு.

எரித்ததில் எனக்கு வருத்தமில்லை. சட்டம் அப்படி என்றால் அப்படித்தான். யாரோ ஒருவருடைய தோட்டம் சாகக்கூடாது.

தகவலுக்காக: வீட்டை ஜூன் தொடக்கத்தில் ஒப்படைக்கிறோம். மரத்தையும் எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும் என்று புதிதாகச் சொல்கிறார்கள். மீதியிருந்த குச்சி ஒன்றை லேப் ஜன்னலில் நட்டிருந்தேன். காய்ந்துவிட்டது. ஃபிளாட்டுக்கும் லேபுக்கும் வெயில் ராசியில்லை. வெட்டினால் அதோடு முடிந்தது.

அண்ணன் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். உங்கள் கடிதங்கள் லேபுக்கு வருவதால், எதுவும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.


மே 5

வாலு,

இந்த முறை அடிக்கவில்லை.

ஆறு முறை எழுதிக் கிழித்தேன். நான் சொன்னதை விளக்க முடியுமா என்று பார்த்தேன். பயந்தேன் என்பது உண்மை. சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பயம் வந்ததால் வார்த்தை போயிற்றா, வார்த்தை இல்லாததால் பயம் வந்ததா?

நீ இல்லாத ஒரு வீட்டைத்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் கிளம்பியிருக்கவே மாட்டேன். அதனால் நீ லேபிலிருந்து வருவதற்குள் கிளம்பினேன். இதைக் கோபமாக எடுத்துக்கொள்வாயா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வாயா, தெரியாது.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. விதைக்கான அனுமதிச் சீட்டு. அதே நீளமான கட்டடத்துக்கு நானே போய் விண்ணப்பித்தேன். அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும், "இந்த முறையாவது பல் வருமா?" என்றார். அங்கிருந்து சான்றிதழோடு வர வேண்டும். கழுவி, வெந்நீரில் முக்கி எடுத்த விதை. பழம் வேண்டாம், சதை ஒட்டக்கூடாது. முளைத்ததும் இங்கே வந்து பார்ப்பார்கள். அந்த விண்ணப்பத்தில் உறவு என்ற கட்டமே இல்லை. இருக்கும், இந்த முறை எழுதுவோம் என்று பேனாவைத் திறந்துகொண்டு போயிருந்தேன்.

விதை வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான். குழப்பமாக இருந்தால், இங்கேயும் அப்படித்தான். அந்த மரம் இல்லாவிட்டால் அதன் பிள்ளையாவது. அது நான் வைத்த மரம் ஆகாது. ஆனாலும்.

மரத்தில் பழம் இருக்கிறதா?


மே 29

அண்ணி,

கோபம் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கமாக எடுத்து வைத்திருக்கிறேன், நேரில் பார்க்கும்போது தருகிறேன். இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

மரத்தில் ஒரே ஒரு பழம் இருந்தது. மீதியெல்லாம் பிஞ்சு, விரல் நுனி அளவு. அந்த ஒன்று மட்டும் மஞ்சளாகி, உச்சியில், நான் வெட்டிய கிளைக்குப் பக்கத்தில். காலையில் பார்த்துவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் லேபுக்கு வந்தது. மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பின்கட்டில் நின்று மேலே பார்த்தால், பழம் இல்லை.

உள்ளே அண்ணன். கழுத்தில் துண்டு, கையில் டம்ளர், மூக்கு சிவந்திருக்கிறது.

"அண்ணா, மரத்துல இருந்த பழம் எங்க?"

"சளி" என்றார்.

அவ்வளவுதான் பதில். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையும் என் கையில் இருந்த தாளையும் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எதற்கு என்று இந்த முறை கேட்டார். சொன்னேன். நீங்கள் முதலில் எழுதியதிலிருந்து எல்லாவற்றையும். யாருமில்லை என்றதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சமையலறைக்குப் போனார். பழத்தை டீ வடிகட்டியில் பிழிந்து, மேலே வெந்நீர் ஊற்றியிருக்கிறார். வடிகட்டி அப்படியே தொட்டியில் கிடந்தது. டீத்தூளுக்கு நடுவில் விதைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, திருகாணி போட்டு வைக்கும் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டினார்.

விவசாயத் துறைக்கு டப்பாவோடு போனேன். அங்கே இருந்தவர் வெந்நீரில் முக்கணும் என்று தொடங்கினார். அது ஆகிவிட்டது என்றேன்.

"எவ்வளவு சூடு?"

"எங்க அண்ணன் குடிக்கற சூடு."

அவர் சிரிக்கவில்லை. அது செல்லாது என்று சொல்லி, வெப்பமானி வைத்து அவர்களே மறுபடி முக்கினார்கள். இரண்டு முறை வெந்நீரில் குளித்தது முளைக்குமா என்று கேட்டேன். முளைப்பதற்குத் தாங்கள் சான்றிதழ் தருவதில்லை, நோயில்லை என்பதற்கு மட்டும்தான் என்றார். இன்னொரு குழப்பம்: நன்றாகக் காயவைத்து அனுப்பு என்கிறது அவர்கள் தந்த தாள். எலுமிச்சை விதை காய்ந்தால் செத்துவிடும் என்கிறார் அதே அறையில் பக்கத்து மேசைக்காரர். வெளியே மட்டும் காயட்டும், உள்ளே ஈரமாக இருக்கட்டும் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பெட்டி புதிது. எந்தப் பட்டையும் இல்லை. ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் ஏழாவது முறை பார்த்தார். உறவு என்ற கட்டம் வந்தபோது பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அங்கே ஒன்று சொல்லி, நான் இங்கே ஒன்று எழுதி, அதனால் இன்னொரு சிக்கல் வரக்கூடாதே. காலியாக விட்டுவிட்டேன். கவுன்டர்க்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார்.

நேற்று மரத்தை எடுத்தோம். கொத்தனார் அடியில் அறுக்க உட்கார்ந்தார். அண்ணன் ரம்பத்தை வாங்கிக்கொண்டார். "எதையும் மேல இருந்துதான் கழட்டணும்" என்றார். உச்சியில் தொடங்கி, சின்னக் கிளை, பெரிய கிளை என்று ஒவ்வொன்றாக இறக்கினார். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. அதன்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அவளுக்குப் போய்ச் சேருமா?"

இரண்டு வருடத்தில் உங்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. விதையைப் பற்றித்தான் கேட்டார். அப்படித்தான் நினைக்கிறேன்.

தெரியலண்ணா என்றேன்.

வாலு


ஆகஸ்ட் 17

வாலு,

முளைத்துவிட்டது.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாததுதான். எல்லா விதைகளையும் ஒரே தொட்டியில் ஊன்றினேன். மண் வெறும் மண்ணாகவே இருந்தது. இரண்டு முறை குளித்தவை அல்லவா, கோபித்துக்கொண்டன என்று நினைத்தேன். தோண்டிப் பார்க்கக் கை பரபரத்தது. வேலைக்கு ஒரு தலைவலி மாத்திரைத் தாளைக் கொண்டுவந்திருந்தார்கள், அதில் ஒரு வரியையும் நான் கவனிக்கவில்லை. இரண்டு தவறுகள் அச்சுக்குப் போய்விட்டன. யாரும் கவனிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான் போலும்.

பிறகு ஒருநாள் ஒன்று. மற்றவை வரவேயில்லை. அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். படிவத்தில், முளைத்தவை: ஒன்று.

அதே அதிகாரி வந்தார். சீருடையோடு என் பால்கனியில் அவர் நின்றால் எனக்கு நிற்க இடமில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். என்னை அழைத்துக் காட்டினார். தண்டுக்குப் பக்கத்தில், அதே விதையின் ஓட்டைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு தண்டு. மெல்லியது.

"எலுமிச்சை இப்படித்தான். ஒரு விதைல ரெண்டு, மூணுகூட வரும்" என்றார். அதில் ஒன்று, பூவில் மகரந்தம் சேர்ந்து வந்த புதுசு. மற்றது அப்படியில்லையாம். தாய் மரத்தின் சதையிலிருந்தே வருவது. பிள்ளையில்லை. அந்த மரமேதான்.

எது எது என்று கேட்டேன்.

"பெரும்பாலும் தடிமனா இருக்கறதுதான் பழைய மரம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. பழம் வந்தா ஒருவேளை தெரியும். அப்பவும் தெரியாமப் போகலாம்."

எத்தனை மாதம் அலைந்தோம். பொய் சொன்னேன், நீ திட்டு வாங்கினாய், எரித்தார்கள். கிளைக்கு இல்லாத அனுமதி விதைக்கு இருந்தது. நான் கேட்ட மரம் விதைக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். உன் அண்ணன் அதை வெந்நீர் ஊற்றிக் குடித்தார். யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "விதை அனுப்பினவங்க கட்டத்தக் காலியா விட்டிருக்காங்க. யாரு?"

நாத்தனார் என்றேன். அவர்கள் மொழியில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நம் சொல்லையே சொன்னேன். அவர் நிமிர்ந்தார். விளக்கினேன். கணவரின் தங்கை. கணவர் இப்போது இல்லை, தங்கை இருக்கிறாள்.

எழுந்து நின்று, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். தொப்பியைக்கூடக் கழற்றினார். நான் திருத்தவில்லை. நன்றி சொன்னேன். இதை உன் அண்ணனிடம் சொல்லாதே. அல்லது சொல். அவருடைய இந்த வருடத்து இரண்டாவது சிரிப்பாக இருக்கட்டும்.

விதை வந்து சேர்ந்தது என்றும் அவரிடம் சொல். கேட்டது எதைப் பற்றி என்று எனக்கும் தெரியவில்லை. பதில் அதுதான்.

இரண்டு தண்டுகளையும் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. ஒன்றின் வேர் அறுந்தால் எது அறுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பிரிக்கவில்லை. படிவத்தில் ஒன்று என்று இருக்கிறது. தொட்டியில் இரண்டு நிற்கின்றன. திருத்தி எழுதி அனுப்ப வேண்டுமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் கைதான் சின்னப் பொருளைப் பிடித்துப் பழகிய கை. நீ வந்து பிரி. உன் விசாவுக்காக நான் தர வேண்டிய அழைப்பு விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறேன். உறவு என்ற கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, மற்றதை அப்புறம் நிரப்பினேன். கோபத்தையும் எடுத்துக்கொண்டு வா, அதற்குத் தடை இருப்பதாக எங்கும் படிக்கவில்லை.

வேறு எதையும் கொண்டுவராதே. ஓர் இலைகூட.

அண்ணி